காபி குடிக்கும் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், காபி குடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும் என்று எழுதியிருந்தீர்கள். மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில், எதிர்ப்புச் சக்தி ஏற ஏற நல்லது என்று யார் சொன்னது? அது வரம்பு மீறி நம் மூட்டுகளையே தாக்கும்போதுதான் முடக்குவாதம் வருகிறது. ஆய்வகத்தில், காபியில் உள்ள காஃபீன் படும் வெள்ளையணுக்கள், அழற்சியை, அதாவது வீக்கமும் வலியும் தருகிற எதிர்வினையைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற பொருளைக் குறைவாகத்தான் சுரக்கின்றன. ஆனால் அதே காஃபீன், அழற்சியைத் தணிக்கிற அடினோசின் என்ற நம் உடம்புப் பொருளின் வேலையையும் மறிக்கிறது. இதில் பெருகுவது எது?

நான் கவலைப்படுவது காபி குடிக்கும் நேரத்தைப் பற்றித்தான். மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் "எதோடு போடுகிறீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா! பெரும்பாலும் பெண்கள். இரும்பு குறைந்தால் கிருமியோடு போராடும் அணுக்களும் சோர்ந்துபோகும். 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கப் காபி குடித்தபோது அந்த உணவிலிருந்து உடம்பில் சேரும் இரும்பு 39 சதவீதம் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே கதைதான். ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தபோது மட்டும் குறையவில்லை. "சாப்பிட்டதும் ஒரு காபி" என்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

அப்புறம் தூக்கம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன், அதாவது சுமார் நான்கு கப் காபியில் இருப்பது, உள்ளே போனாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்? தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது.

காய்ச்சலில் வாய் கசக்கிறதென்று காபி மேல் காபியாகக் குடிப்பவர்களும் உண்டு. கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதி அந்தச் சமயத்தில் மந்தமாகிவிடுவதால், அது உடம்பில் வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கும். கூடவே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் எடுத்தால் இன்னும் கூடுதல் நேரம். படபடப்பு, தூக்கமின்மை என்று புதிதாக ஒரு புகாரோடு மறுபடி டாக்டரிடம் ஓடுவார்கள்.

நானும் காபி குடிக்கிறவள்தான், விடச் சொல்லவில்லை. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால், எந்தெந்த மாத்திரைக்கும் காபிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். அதில் தைராய்டு மாத்திரை முதலில் வரட்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு அதைப் போட்டுவிட்டு, காபிக்கு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர், உங்கள் வாசகி