ஒரே நூல், இரண்டு ஊர்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

பார்சலைப் பிரித்ததும் நூலை அளந்து பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். இதை முழுதும் படித்துவிட்டுத் தொடு.

உள்ளே 200 கிராம் ஈயக் குண்டு ஒன்று இருக்கிறது. அதில் பின்னல் தூண்டில் நூல் கட்டி, மேல்பக்கம் கறுப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இரண்டு தட்டை இரும்புத் துண்டும், அவற்றை இறுக்க ஒரு கிளாம்ப்பும் உண்டு. பிறகு ஒரு தாள். அதில் இரண்டு வரி, வரிக்கு 64 எழுத்து. அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். படிவம் 4 பிள்ளைகள் ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் பரிசோதனை செய்கிறார்கள். ஒருத்தனுக்கு விடை 9.78 வரும். புத்தகத்தில் 9.81 என்று இருக்கிறதே என்று அழித்துவிட்டு, நேரத்தில் ஒரு புள்ளியைக் கூட்டிக் குறைத்து 9.81 ஆக்கிவிடுவான். அவன் முதலில் அளந்ததுதான் சரி. நம் ஊரில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78தான். ஒழுங்காக அளந்த பிள்ளை தன் கணக்கைத் தானே கெடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. நீ இருக்கும் கிளாஸ்கோவில் அது 9.816. ஒரே குண்டையும் ஒரே நூலையும் இரண்டு ஊரில் ஆடவிட்டு அளந்த நேரத்தை அவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அதற்குத்தான் உன் சனிக்கிழமை ஒன்றைக் கேட்கிறேன்.

ஏன் இந்த வித்தியாசம் என்று பாட்டிக்கும் சொல்லிப் பார்த்தேன், புரிந்துகொண்டார். ராட்டினம் சுற்றும்போது வெளிப்பக்கம் தள்ளுமே, அதுபோல பூமியும் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் இருப்பவன் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறான். துருவத்தில் நிற்பவன் நின்ற இடத்திலேயே திரும்புகிறான். அந்தச் சுழற்சி ஈர்ப்பில் கொஞ்சத்தைக் கழித்துவிடுகிறது. சுழன்று சுழன்று பூமியும் இடுப்பில் பருத்திருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. நாம் 21 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். இரண்டும் சேர்ந்து நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. நாம் வடக்கே 5 பாகைக்கும் குறைவு, நீ 56 பாகை.

இதை முதலில் கண்டவர் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர். 1672இல் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் நகருக்குப் போனார். கயென் ஏறக்குறைய நம் ஊரின் அட்சரேகையிலேயே இருக்கிறது! அவர் போனது செவ்வாயைப் பார்க்க. அதே காலத்தில் காஸினி என்ற வானியலாளர் பாரிஸில் செவ்வாயைப் பார்த்தார். இரண்டு ஊரிலிருந்து பார்க்கும்போது செவ்வாய் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்பதை வைத்துச் சூரியன் இருக்கும் தூரத்தைக் கணித்தார்கள். ஆனால் ரிஷே கொண்டுபோன ஊசல் கடிகாரம் கயெனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஒரு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் வினாடி ஊசலை 2.8 மில்லிமீட்டர் போலக் குறைத்தால்தான் சரியாக ஓடியது. வெயிலில் தண்டு நீண்டிருக்கும் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஒரு மீட்டர் இரும்பை 20 பாகை சூடாக்கினாலும் கால் மில்லிமீட்டர்தான் நீளும். நியூட்டன் 1687இல் இந்த அளவைத்தான் பூமி இடுப்பில் பருத்தது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

நம் கணக்கில் அது இன்னும் கொஞ்சம் அதிகம். இங்கே ஒரு மீட்டர் ஊசல் ஆடும் அதே நேரத்தில் கிளாஸ்கோவில் ஆட வேண்டுமானால் நூல் 3.6 மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். நூலை மாற்றாமல் விட்டால் 200 அலைவுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) உன் நேரம் என் நேரத்தைவிட 0.7 வினாடி குறைய வேண்டும். கைபேசியின் ஸ்டாப்வாட்சிலேயே பிடித்துவிடலாம். ஆனால் கவனம் வேண்டும், ஏனென்றால் 0.7 வினாடியை விழுங்குகிற தவறுகள் நிறைய.

முதல் தவறு வீச்சு. பிள்ளைகள் ஆசையாக அகலமாக இழுத்துவிடுவார்கள். 10 பாகை இழுத்தால் அலைவு நேரம் 0.19 விழுக்காடு கூடும், 200 அலைவுக்கு முக்கால் வினாடி. இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதிலேயே மறைந்துபோகும். நீ 5 சென்டிமீட்டர் மட்டும் இழு. அது 3 பாகைக்கும் குறைவு, பிழை 0.02 விழுக்காட்டுக்குள் அடங்கும். நானும் 5தான் இழுத்தேன்.

அடுத்தது தொங்கவிடும் இடம். ஆணியில் சுற்றிக் கட்டினால் ஆடும்போது நூல் ஆணியைச் சுற்றிச் சுற்றி அவிழும், நீளம் நிலையாக இருக்காது. அதற்குத்தான் இரும்புத் துண்டுகள். நூலை இரண்டுக்கும் நடுவே வைத்து, கறுப்புக் கோடு சரியாகக் கீழ் விளிம்பில் வரும்படி பிடித்து, கிளாம்ப்பை நிலைச்சட்டத்தில் இறுக்கு. கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ 200 அலைவில் 0.2 வினாடி போய்விடும். ஆகவே கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார், கீழிருந்து அண்ணாந்து பார்க்காதே. கதவில் மாட்டாதே, கீல் ஆடும். உயரமான அலமாரியும் ஆகாது. தாங்கும் இடம் இம்மி அசைந்தாலும் ஊசல் மெதுவாகும். குண்டு ஆடும்போது கிளாம்ப்பில் விரல் நுனியை வைத்துப் பார், துடிப்பு தெரிந்தால் இடத்தை மாற்று.

தொங்கவிட்டதும் அளக்கத் தொடங்காதே. ஓர் இரவு அப்படியே தொங்கட்டும். பயணத்தில் தளர்ந்த முடிச்சுகள் குண்டின் எடையில் இறுக வேண்டும். பருத்தி நூலை விட்டதற்கும் காரணம் உண்டு. இங்கே மழைக்காலத்து ஈரத்தில் ஓர் அளவு, உன் அறையின் ஹீட்டர் காய்ச்சலில் வேறு அளவு என்று ஆகிவிடும். ஒற்றை இழை நைலான் எடைக்கு நீளும். பின்னல் நூல்தான் கொஞ்சம் நம்பத்தக்கது.

நூலுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, குண்டு அசையாமல் நிற்கும் இடத்தில் செங்குத்தாகக் கோடு போடு. ஓரத்தில் குண்டு திரும்பும் கணத்தை எண்ணாதே. அங்கே அது கிட்டத்தட்ட நிற்கும், எப்போது திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில்தான் வேகம் அதிகம். இடமிருந்து வலமாகக் கோட்டைக் கடக்கும்போது எண்ணு. முதல் தடவை “சுழியம்” என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்து. “ஒன்று” என்று தொடங்கினால் ஓர் அலைவு குறையும், இரண்டு வினாடி போய்விடும். வகுப்பில் பாதிப் பேர் செய்யும் தவறு இது. குண்டைக் கையால் தள்ளாதே. ஓர் அடிக்கோலால் 5 சென்டிமீட்டரில் தடுத்து வைத்துக் கோலைக் கீழே சட்டென்று இழுத்துவிடு. நேர்க்கோட்டில் ஆடாமல் முட்டை வடிவத்தில் சுற்றினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கு. மின்விசிறி ஓடக் கூடாது.

200 அலைவுக்கு ஏழு நிமிடம் பிடிக்காது. பத்து தடவை எடு. பத்தையும் எழுது. ஒன்றை அடிக்க வேண்டுமானால் காரணத்தை ஸ்டாப்வாட்சைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு தோன்றும் காரணம் காரணம் ஆகாது.

இங்கே என்னோடு சேர்ந்து எண்ணியது பாட்டி. வயதானால் கை தாமதமாக வருமே என்று நினைக்காதே. அழுத்தத் தொடங்கும்போது எவ்வளவு தாமதமோ நிறுத்தும்போதும் ஏறக்குறைய அவ்வளவே, கழித்தால் போய்விடும். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து எண்ணிவிட்டு எழுந்தபோது லேசாகத் தலை சுற்றியது என்றார். நீ உன் முதியோர் வார்டில் செய்வதாகச் சொன்ன மாதிரியே செய்தேன். ஐந்து நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன், 138/78. நின்ற ஒரு நிமிடத்தில் 124/74, மூன்றாவது நிமிடத்தில் 128/76. மேல் எண்ணில் 20, கீழ் எண்ணில் 10 இறக்கம் என்ற உன் எல்லைக்குள்தான் இருக்கிறது. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கு இறங்குகிறது என்றால் அதுவும் இதே 9.78 செய்யும் வேலைதான். இப்போது உயரமான நாற்காலி போட்டிருக்கிறேன், எழுவதற்கு முன் பாதத்தைப் பத்து தடவை ஆட்டச் சொல்கிறேன். மாத்திரைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்.

இனி அந்த 64 எழுத்து.

நூலின் நீளம் எனக்கும் தெரியாது. தெரிந்தால் 9.78க்கு ஏற்றபடி நேரம் எழுதத் தோன்றும். ஆகவே கோடு போட்டது நான், அளந்தது தம்பி. குண்டு தொங்கும் நிலையில், கோட்டிலிருந்து குண்டின் நடு வரைக்கும் அளந்தான். நாடாவின் முனைக் கொக்கி ஒரு மில்லிமீட்டர் ஆடும் என்பதால் 10 சென்டிமீட்டர் குறியிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும் என்பதற்கு மேல் என்னிடம் அவன் சொல்லவில்லை. நான் பத்து தடவை ஆடவிட்டு எடுத்த சராசரி நேரத்தையும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதிலிருந்து 0.7 கழித்து எதிர்பார்ப்பாய், எதிர்பார்த்தது வரும் வரை அளப்பாய். மனித மனம் அப்படித்தான்.

ஆனால் உன் எண் வந்த பிறகு நான் என் எண்ணை மாற்றவில்லை என்பதற்கு என்ன சாட்சி? அதற்குத்தான் எஸ்.எச்.ஏ-256 என்ற கணினி முறை. எந்த வாசகத்தைக் கொடுத்தாலும் 64 எழுத்தாக அரைத்துத் தரும். அந்த 64 எழுத்துக்கு ஹேஷ் என்று பேர். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. ஓர் எழுத்து மாறினாலும் 64ம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். முதல் வரி என் நேரம், இரண்டாவது தம்பியின் நீளம். இரண்டும் இப்போதே உன் கையில் இருக்கின்றன, உன்னால் படிக்க முடியாது, எங்களால் மாற்ற முடியாது. உறையில் ஒட்டி அனுப்பியிருக்கலாமே என்பாய். உறையை விளக்கில் பிடிக்கலாம், ஆவி காட்டிப் பிரிக்கலாம். உன்னை நம்பாமல் இல்லை கண்ணு. நம்பிக்கை தேவைப்படாத முறை ஒன்று இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

வெறும் எண்ணை மட்டும் அரைத்தால் பயனில்லை. நேரம் எப்படியும் 395க்கும் 407க்கும் நடுவில்தான், நூற்றில் ஒரு வினாடி வீதம் 1,200 எண்கள். அத்தனையையும் அரைத்து எது பொருந்துகிறது என்று கணினி கண்சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடும். ஆகவே எண்ணுக்குப் பின்னால் 16 ஆங்கில எழுத்துகள் சேர்த்திருக்கிறேன். 26 சீட்டு எழுதிக் குலுக்கி, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு, 16 தடவை எடுத்தவை. மனசில் தோன்றியதை எழுதினால் அது குலுக்கல் ஆகாது.

பழைய காலத்தில் இதற்காக எழுத்துகளைக் கலைத்துப் போட்டார்கள். கலிலியோ 1610இல் சனியைப் பற்றிக் கண்டதைக் கலைத்த எழுத்துகளாகக் கெப்ளருக்கு எட்டவைத்தார். கெப்ளர் அவற்றைத் தன் போக்கில் அடுக்கி, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள் என்று படித்துவிட்டார். ஒரே எழுத்துகளை இரண்டு விதமாக அடுக்க முடிந்தால் எழுதியவரும் பின்னால் பேச்சை மாற்றலாமே. ஹேஷில் அந்த ஓட்டை இல்லை. ஈர்ப்பலை தேடும் லைகோ ஆய்வகத்தில் இதைவிடக் கடுமை. 2010 செப்டம்பரில் ஓர் அறிகுறி வந்தது. மாதக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரையும் எழுதி வைத்தார்கள். 2011 மார்ச்சில் உறையைத் திறந்தால், சோதிப்பதற்காகச் சிலர் இரகசியமாகப் புகுத்திய போலி அறிகுறி அது. அப்படிப் பழகியவர்கள் என்பதால்தான் 2015இல் உண்மையானது வந்தபோது உலகம் நம்பியது.

நீ சரிபார்க்கும்போது இரண்டு இடத்தில் சிக்கலாம். கணினியில் எக்கோ கட்டளை வாசகத்தின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறியைச் சேர்க்கும், அதை நிறுத்திவிட்டு அரை. வாட்ஸ்அப்பிலிருந்து எடுக்கும்போது முதல் எழுத்து பெரிய எழுத்தாகியிருக்கிறதா, முனையில் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார். தமிழில் எழுதாததற்கும் இதுதான் காரணம். “கொ” என்பதில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கும், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கும். கண்ணுக்கு ஒன்று, ஹேஷுக்கு வேறு.

உனக்கு ஹேஷ் தேவையில்லை. நான் ஏற்கெனவே கட்டுப்பட்டுவிட்டேன், நீ உன் பத்து எண்ணையும் அப்படியே அனுப்பலாம். அதன் பிறகு நான் என் வாசகத்தை அனுப்புவேன். என் நேரத்தை உன் நேரத்தால் வகுத்து இரண்டாம் அடுக்குக்கு உயர்த்து. நீளம் அடிபட்டுப் போகும், இரண்டு ஊர் ஈர்ப்பின் விகிதம் நேராகக் கிடைக்கும். 1.0036 பக்கம் வர வேண்டும். வராவிட்டால் வந்ததையே எழுது. கடைசியில்தான் தம்பி நீளத்தைச் சொல்வான், அப்போது 9.78ஆ என்று பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை உனக்கு மதியம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு ஒன்பது. மூவரும் கைபேசியோடு உட்கார்ந்திருப்போம். வெள்ளிக்கிழமை இரவே குண்டைத் தொங்கவிட்டுவிடு. கிளாம்ப்பின் திருகில் எண்ணெய் தடவியிருக்கிறேன், வீட்டுக்காரர் சுவரில் படாமல் ஒரு துணி வைத்து இறுக்கு.

அன்புடன்,
அம்மா