காதுக்கு முன்னால் ஒரு கீல்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேகர்,

பதில் போட இரண்டு மாதமாகிவிட்டது, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். விஜி இன்னும் அதே விஜிதான்.

காது வலி, வாய் திறந்தால் 'டக்' என்று சத்தம், ஆனால் காதில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அவர் சொன்னது சரி. காதுத் துளைக்கு ஒட்டி முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடு. விரலடியில் குமிழ் போல் ஒன்று நகரும். அதுதான் தாடை மூட்டு. கபாலத்துக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே மெத்தையாக ஒரு வட்டு உண்டு. அது முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறும். நீ கேட்கும் 'டக்' அந்தச் சத்தம். வலியில்லாத 'டக்'குக்கு வைத்தியமே வேண்டாம். ஆனால் ஒரு நாள் சத்தம் நின்று வாயும் பாதிக்குமேல் திறக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதே, வட்டு வழியை அடைத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார். நுழைந்தால் திறப்பு சரி.

காலையில் தாடை இறுக்கம், நெற்றிப்பொட்டில் வலி என்கிறாய். எனக்குத் தாடைத் தசை மேல்தான் சந்தேகம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய், சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நெரிசலிலும் கடிக்கிறாய். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி 'ன' சொல்லும் இடத்தில் நிற்கட்டும். 'ந' இல்லை, 'ன'. ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் சரிபார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 15 நிமிடம், தினம் இரண்டு வேளை வை. இரண்டு வாரம் இட்லி, தயிர்சாதம். உன் கடலை மிட்டாய் டப்பாவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. கொட்டாவி வந்தால் தாடைக்கடியில் முஷ்டியை வை.

இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக் தகடு பல் தேயாமல் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. எடுத்த எடுப்பில் பல்லைத் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆபரேஷன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. தேய்த்த பல் திரும்ப வளராது.

உன் அப்பாவிடம் மட்டும் இதைத் தனியாகச் சொல். அந்த வயதில் சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டைத் தொட்டால் நோக, பார்வையும் மங்கினால் அது மூட்டு இல்லை, ரத்தக்குழாய் அழற்சி. அன்றைக்கே ஆஸ்பத்திரி, தாமதித்தால் கண் போய்விடும். மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்ததும் வலி நின்றுவிட்டால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்று விரல் நுழைந்ததா என்று உடனே எழுது.

உன்,
ராமு