சுந்தரத்துக்கு, ஜென்னின் நடுக்கம் குறித்து

கோயம்புத்தூர்

அன்புள்ள சுந்தரம்,

இங்கே அனைவரும் நலம். மாமிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பேப்பரில் பிழை கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். மற்ற செய்திகள் அடுத்த கடிதத்தில். உன் மாருதி ஜென் கார் நின்ற இடத்தில் குலுங்குகிறது, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் இன்னும் மோசமாகிறது, ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்தப் பணத்தை இப்போதைக்குக் கொடுத்துவிடாதே. என் வண்டிக்கும் இதே நோய் வந்தது, இங்கும் இதே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள். கடைசியில் அகப்பட்டது ஒரு ரப்பர் ஹோஸ்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஸ்லோ ஸ்பீடில், காற்றை விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருப்பதால், கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாய்க்குள் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, பலமாக இருக்கும். அப்போது ஏதாவதொரு வெடிப்பின் வழியே வெளிக்காற்று நுழைந்துவிட்டால், பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்து, எஞ்சின் மிஸ் அடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் வேக்குவம் குறைந்து, கார்புரேட்டர் வழியே வரும் காற்று பெருகிவிடுவதால், இந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டாகவே இருக்காது; ஆகையால் ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. கார்புரேட்டரில் ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட் அடைத்துக்கொண்டாலும் இதே குணம்தான் காட்டும் என்பது உண்மையே, ஆனால் அதைக் கழற்றி ஊதிப் பார்ப்பதற்குப் புதுக் கார்புரேட்டர் எதற்கு?

நீ எழுதியவற்றில் என்னை உட்கார வைத்தது அந்த மேட்டுப்பாளையம் வரிதான். ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளிக்கென்று வைத்த ஜெட்டோடு அங்கே ஓடும்போது கலவையில் பெட்ரோல் சற்று மிகையாகவே இருக்கும். அந்த மிகை, லீக்கால் வரும் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும். கீழே இறங்கியதும் அடர்த்தியான காற்று வந்து மிகை தீர்ந்துபோக, லீக்கின் வேலை அப்பட்டமாகத் தெரிகிறது. என் சந்தேகம் இதனால்தான் வலுத்தது.

முதலில் அந்த இழுப்பை அளக்கும் வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கிக்கொள். எஞ்சின் சூடான பிறகு, மேனிஃபோல்டில் உள்ள ஒரு முனையில் அதை மாட்டிப் பார்த்தால், கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை ஆடாமல் காட்டும். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஓர் அங்குலம் குறையும் என்பதை மறந்துவிடாதே. நீ 7,000 அடிக்கும் மேலே குடியிருக்கிறாய், அங்கே 10 முதல் 14 வரை காட்டினால் அதுவே ஆரோக்கியம். இது தெரியாமல் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து எஞ்சினையே பிரிக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு.

ஊசி தாழ்ந்து நின்றால், மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நெருக்கிப் பார். எதை நெருக்கும்போது நடுக்கம் அடங்குகிறதோ அந்த வழியில்தான் லீக். இந்தச் சோதனைக்கும் ஒரு கண்மறைவு உண்டு: நெருக்கும் இடத்துக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெடிப்பு இருந்தால் அது தப்பிவிடும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. கிளாம்பை ஒட்டி, ஹோஸின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் புதிது போலவே தெரியும் இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. சட்டைக்கு இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கிறோமே, அந்தப் பாட்டிலால் இணைப்புகளின் மேல் மட்டும் லேசாகத் தெளித்தபோது, அந்த இடத்தில் ‘சுர்ர்’ என்று தண்ணீர் உள்ளே போய், எஞ்சின் ஓசை ஒரு கணம் மாறியது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் நீர் படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. சூடான எக்ஸாஸ்டின் அருகில் அது தீப்பிடிக்கும். ஹோஸ்கள் தேறிவிட்டால் கார்புரேட்டரின் அடியில் இணைப்பை அடைக்கும் கேஸ்கட், பிறகு மேனிஃபோல்டு கேஸ்கட் என்று போ. ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டரின் பக்கமாகத் தேடு.

பாஸ்கரனிடம் கேட்டால் வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு படிக்கும் ஸ்கேனரை மாட்டச் சொல்வான். அவனுடைய புது வண்டிக்கு அது சரி. நம் கிழங்களில் ஸ்கேனரை எங்கே மாட்டுவது, ஆஷ்ட்ரேயிலா?

இனி விளையாட்டில்லை. என் வண்டியில் வெடித்தது, வேக்குவத்தால் பிரேக் மிதிக்குத் துணை செய்யும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். உன்னுடையதும் அதுவாக இருந்து, இறக்கத்தில் ஒருநாள் முழுதாகக் கிழிந்தால், பூஸ்டரின் துணை போய்ப் பெடல் கல்லாகிவிடும். நாளைக் காலையே, எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும்வரை சிலமுறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் குலுங்கினால், மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டைஊசி வளைவுகளில் அந்த வண்டியோடு இறங்காதே. மசினகுடியில் உன் மைத்துனர் பஸ்ஸில் வந்தாலும் சோறு போடுவார். ஹோஸ் மாற்றும்போது வேக்குவத்துக்கென்று விற்கும் தடித்ததையே கேட்டு வாங்கு, மெல்லிய குழாய் உள்நோக்கி அமுங்கிவிடும். நடுக்கத்தை மறைக்க ஸ்லோ ஸ்பீடு ஸ்குருவை ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்பார்கள். அதையும் பிறகு இறக்க வேண்டியிருக்கும்.

கேஜில் ஊசி எங்கே நிற்கிறது, ஆடுகிறதா என்ற இரண்டையும் எழுது. பெடல் விஷயத்துக்கு மட்டும் கடிதம் போடாமல் போன் செய்.

அன்புடன்,
ராமநாதன்