அம்மாவின் கட்டிலருகே வாசித்த பெரியவருக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்புக்குரிய திருகோணமலை உறவுகளுக்கும் எங்கள் பங்கு மக்களுக்கும்,

அம்மா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். எங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அதைத் திரும்பச் சொல்லும் திராணி எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

குருதி கொடுத்த இளைஞர்களுக்கும், இரவு பகல் பாராமல் எங்களை ஏற்றி இறக்கிய முச்சக்கரவண்டித் தம்பிக்கும், மூதூரிலிருந்து சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும், பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்தில் எங்களுக்காகச் செபமாலை சொன்னவர்களுக்கும், வைத்தியர்களுக்கும், தமிழ் அதிகம் தெரியாதபோதும் அம்மாவின் கையைப் பிடித்து “பயப்பட வேணாம்” என்று சொன்ன தாதிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பங்கைச் சேர்ந்த அந்தப் பெரியவரை அதற்கு முன் கோவில் வாசலில் கண்டு தலையசைத்ததோடு சரி. ஒரு மாலை, நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில், துணியில் சுற்றிய ஒரு பழைய புத்தகத்தோடு அவர் வந்து நின்றார். “பிள்ளை, அம்மா சின்ன வயதில கேட்டிருப்பா. கொஞ்சம் வாசிக்கட்டோ?” என்று கேட்டார். தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் இராகத்தோடு வாசிக்கப்படும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் அது. மட்டை கழன்ற புத்தகத்தை மீன்வலை நூலால் தைத்திருந்தார்கள். எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று ஓரங்களில் பென்சில் கோடுகள் இருந்தன. அவை தன் பாட்டனார் போட்டவை என்றார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிண்ணியா ராத்தாவுக்கு (முஸ்லிம் அக்காவுக்கு) இடைஞ்சலாகுமோ என்று பெரியவர் தயங்கியபோது, “வாசிங்க ஐயா, நாங்களும் கேப்பம்” என்று ராத்தாவே சொல்லிவிட்டார். அந்த ராத்தாவுக்கும் என் நன்றி. எங்களோடு பேசவும் விருப்பமின்றிச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த அம்மா, வாசிப்பு ஓரிடத்துக்கு வந்ததும், “அதில இன்னும் இழுக்க வேணும்” என்று திருத்தினார். பெரியவர் மறுபேச்சின்றி அந்த வரியை இழுத்து வாசித்தார். அம்மா வீடு வரும்வரை மாலைதோறும் வந்தார். ஒரு தேநீர்கூட எங்களிடம் வாங்கிக் குடிக்கவில்லை.

அந்த நூலை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டு மொழிகளிலும் நூல் செய்தவர். அவருக்கு முன்னே 1687இல் வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்று, இந்தத் தீவில் பல ஆண்டுகள் தனியொரு குருவாகப் பணி செய்தார். எந்த ஊரிலும் நிலைத்திருக்க முடியாத நிலையில், தாம் மீண்டும் வரும்வரை மக்களைக் கூட்டிச் செபிக்கவும் வாசிக்கவும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவரே ஏற்படுத்தினார். இவற்றையெல்லாம் நான் முன்னரே படித்திருக்கிறேன். ஆனால் குருவைக் காணாத ஊரில் விசுவாசம் எப்படி அணையாமல் இருந்திருக்கும் என்பது அம்மாவின் கட்டிலருகேதான் எனக்கு விளங்கியது: யாரோ ஒருவர் துயரப்படும் வீட்டுக்குப் போயிருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், தனக்குச் சொல்லித்தரப்பட்டதை வாசித்திருக்கிறார். பெயர் எழுதப்படாத அந்த அண்ணாவிமாரின் வரிசையில்தான் எங்கள் பெரியவரின் பாட்டனாரும் வருகிறார்.

யோசேப் வாஸ் அடிகளார் 1711இல் கண்டியில் இறந்தார். திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் கையைவிட்டு நிலையாகப் போனது 1795இல். அந்த விடுதலையை அவரும் காணவில்லை, அவர் ஏற்படுத்திய மூப்பர்களும் காணவில்லை. வாக்களிக்கப்பட்டதைக் கையில் பெறாமல், தொலைவிலிருந்தே கண்டு விசுவாசத்தில் இறந்தவர்களைப் பற்றி எபிரேயர் திருமுகம் சொல்வதை, அம்மாவுக்கு என்ன ஆகுமென்று தெரியாதிருந்த இரவுகளில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். முடிவு தெரியாமலே அவர்கள் நிலைத்து நின்றார்கள் என்பதே எனக்கு அப்போது வேண்டியிருந்த தேறுதல். அம்மா பிழைத்திருக்காவிட்டாலும் இதை எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன்.

பிரசங்கம் வாசிக்க நானும் பழகுவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் சொல்லித்தரப் பெரியவர் இசைந்திருக்கிறார். இழுக்க வேண்டிய இடங்களை அம்மா பார்த்துக்கொள்வார். பங்கில் இன்னும் இரண்டு மூன்று இளையவர்கள் சேர்ந்தால் வரும் தவக்காலத்தில் முறைவைத்து வாசிக்கலாம். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்