அச்சு முறுக்குக்கு ஒரு மேசை தந்தவர்களுக்கு

சான் அன்டோனியோ தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

இந்த மடல் மூன்று வாரம் தாமதம். 2025 அக்டோபர் முதல் சனிக்கிழமை ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) வணிகக் கண்காட்சி முடிந்த மறுநாளே எழுத உட்கார்ந்தேன். தீபாவளி ஆர்டர்கள் அடுப்படியை விட்டு நகர விடவில்லை. பண்டிகை முடிந்த பிறகும் "இன்னும் ரெண்டு டப்பா கிடைக்குமா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, நேற்றுதான் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

யார் பெயரையும் எழுதப் போவதில்லை. சிலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிலருடைய பெயரை எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. தப்பாக எழுதுவதற்கு அடையாளம் சொல்லிவிடலாம். அவரவருக்குத் தெரியும்.

கண்காட்சிக்குப் போகச் சொன்னதே பக்கத்து வீட்டுக்காரர்தான். கூரை வேலை எடுத்துச் செய்கிறவர், சொந்த ஊர் மெக்சிகோவின் மோன்தெர்ரேய். மூன்று வருஷமாக என் தட்டையைத் தின்றுகொண்டு, "இதை ஏன் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கிறாய்?" என்று கேட்டபடியே இருந்தார். ஹிஸ்பானிக் கண்காட்சியில் எனக்கென்ன வேலை என்று தயங்கினேன். அவர் சிரித்தார். மேசை வாடகை கட்டுகிற யாரும் வரலாம், ஊரில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள், நீ யாருக்கு விற்கப் போகிறாய் என்றார். முக்கால்வாசி என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் ஊர் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள் என்பது நிஜம். நான்தான் பன்னிரண்டு வருஷமாக இந்தியக் கடை, கோயில், சங்கம் என்ற முக்கோணத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம். மாதத்தின் நடுவில் ஏன் தொடங்குகிறது என்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் செப்டம்பர் 15 சுதந்திர தினம், மெக்சிகோவுக்கு 16 என்று என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. இந்த வருஷம் அந்த மாதத்துக்குள்ளேயே நவராத்திரியும் வந்துவிட்டது. வியாழக்கிழமை விஜயதசமி, சனிக்கிழமை கண்காட்சி. கொலுப் பொம்மைகளைக்கூட எடுத்து வைக்கவில்லை. எனக்குப் பதிலாக வெள்ளி இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து தட்டை தட்டிக் கொடுத்த மூன்று பேருக்கும், அச்சு முறுக்கு அச்சு ஒன்று காம்போடு கழன்று எண்ணெய்க்குள் விழுந்தபோது தன் மாமியார் நாகர்கோவிலிலிருந்து கொடுத்தனுப்பிய பித்தளை அச்சைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு வந்த தோழிக்கும் நன்றி. அச்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தருகிறேன்.

அந்த அச்சு முறுக்குதான் அன்று மானத்தைக் காப்பாற்றியது. காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார்கள். பத்தரை வரை என் மேசைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. ஒரு பக்கம் காப்பீட்டு ஏஜென்ட், மறுபக்கம் தமாலே (மக்காச்சோள மாவைச் சோளத்தோலில் சுற்றி அவிக்கிற மெக்சிகோ பண்டம்) விற்கிற ஒரு அம்மா. அவர் மேசை முன்னால் வரிசை. என் மேசையைப் பார்த்தவர்கள் புன்னகைத்துவிட்டு நகர்ந்தார்கள். அப்போது ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர், சட்டென்று நின்றார். அச்சு முறுக்கு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "புன்யுவேலோஸ்!" என்றார் சத்தமாக. மெக்சிகோவில் இதே மாதிரி பூ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிற பண்டம் உண்டாம், புன்யுவேலோஸ் தே வியென்தோ என்று பெயர். அவர்களுடையது கோதுமை மாவு, மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும். நம்முடையது அரிசி மாவு, தேங்காய்ப்பால், எள். மற்றபடி அதே பூ, அதே ஓட்டை, அதே நொறுங்கல். பாட்டி ஒன்றைக் கடித்துவிட்டு என்னிடம் ஏதோ நீளமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது "அபுவேலா" என்ற ஒரு வார்த்தைதான். அவருடைய பாட்டியைச் சொல்கிறார் போல. ஆறு பொட்டலம் வாங்கினார், அதோடு நிற்காமல் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பாட்டி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அதற்கப்புறம் ஒரே கொண்டாட்டம்தான். கடலை மிட்டாயைப் பார்த்து "பலங்கேத்தா" என்றார்கள். வெல்லத்தைப் பற்றிச் சொன்னால் "பிலோன்சியோ" என்றார்கள்; அவர்கள் கடைகளில் கூம்பு கூம்பாக இருக்கிறதே, அதேதான். கூட்டம் சேர்ந்த நேரம் பார்த்து அட்டை தேய்க்கிற கருவி போனோடு சேர மறுத்துவிட்டது. என் தப்புதான், முந்தின இரவு சார்ஜ் போடவில்லை. எதிர் வரிசையில் இருந்த கடன் சங்கத்துப் பையன் தன்னுடைய சார்ஜரைக் கொடுத்ததோடு, பதினைந்து நிமிடம் என் மேசையில் நின்று சில்லறையும் எண்ணிக் கொடுத்தான். அவனுக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கணக்கர் மேசையில் இருந்த பெண்மணிக்கும் ஒரு டப்பா கடன். தனி ஆளாகச் சொந்தப் பொறுப்பில் நடத்துகிற வியாபாரத்துக்கு டெக்சாஸ் பிராஞ்சைஸ் வரி (நிறுவனங்கள் மேல் மாநிலம் போடுகிற வரி) கிடையாது என்று அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் அதை நினைத்து இரண்டு வருஷம் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது மதியம் இரண்டு மணிக்கு நடந்தது.

எங்கள் பகுதி மாநில சட்டமன்ற உறுப்பினரோடு ஒரு உரையாடல் இருந்தது. எம்.எல்.ஏ. என்றதும் எனக்கு நம்மூர் நினைப்புதான், ஐந்து கார், மாலை, பொன்னாடை. வந்தவர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, நிறுத்த இடம் தேடிப் பத்து நிமிடம் தாமதமாக உள்ளே வந்தார். டெக்சாஸில் இவர்களுக்கு மாதச் சம்பளம் 600 டாலர். அவை கூடுகிற நாட்களில் படி தனி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை வருஷத்தில், 140 நாள் கூடுகிறார்கள். ஆகவே பெரும்பாலோருக்கு வேறு தொழில் இருக்கும். கீழவையில் 150 பேர், ஒருவருக்குச் சுமார் 2 லட்சம் ஜனம். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு முக்காலி, இரண்டு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பேச்சு ஸ்பானிஷில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவித் திரும்ப ஸ்பானிஷுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்த்த என் மகளுக்கு நன்றி. பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்தபோது "பிரெஞ்சு எடுக்கக்கூடாதா" என்று கேட்டது நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பாதி நேரம் 2025 நவம்பர் 4 வாக்கெடுப்பைப் பற்றியே பேச்சு. மாநில அரசியலமைப்புக்கு மொத்தம் 17 திருத்தங்கள் வாக்குச்சீட்டில் இருந்தன. அதில் ஒன்பதாவது எங்களைப் போன்றவர்களுக்கானது. வியாபாரத்துக்கு வைத்திருக்கிற அடுப்பு, குளிர்பெட்டி, சரக்கு இவற்றின் மேல் போடும் சொத்து வரியில் அப்போது 2,500 டாலர் வரைதான் விலக்கு இருந்தது. அதை 1,25,000 வரை உயர்த்தலாமா என்று கேட்டார்கள்.

அப்புறம் கேள்வி நேரம். ஆட்கள் அதிகம், அதனால் மேசைக்கு ஒரு கேள்வி என்று கணக்கு. எண் சீட்டு கொடுத்தார்கள். வீட்டுச் சமையலறையில் செய்து விற்கும் உணவைப் பற்றிய சட்டம் செப்டம்பர் 1 முதல் மாறியிருக்கிறது என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். வருஷத்துக்கு 50,000 டாலர் என்று இருந்த விற்பனை வரம்பு 1,50,000 ஆகிவிட்டது. முறுக்கு மாதிரி வெளியில் வைத்தாலும் கெடாத பண்டத்தை, வீட்டில் செய்தது என்ற அறிவிப்போடு, கடைகள் வழியாகவும் விற்கலாம். இதெல்லாம் சந்தோஷம்தான். என் கேள்வி வேறு. ஒவ்வொரு பொட்டலத்திலும் என் வீட்டு முகவரியை ஒட்டி விற்க வேண்டியிருந்தது. போன வருஷம் ஒரு ராத்திரி பத்தேகாலுக்கு முன்பின் தெரியாத ஒருவர் பொட்டலமும் கையுமாக வந்து கதவைத் தட்டி, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கெட்ட ஆள் இல்லை. ஆனால் என் கணவர் ஊரில் இல்லாத நாள் அது. அன்றிலிருந்து அந்த லேபிளை ஒட்டும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்யும்.

கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாய் வரவில்லை. "சாரி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

அடுத்தவர் தமாலே அம்மா. மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் லேபிளைக் காட்டி இந்தக் கதையை, மகள் உதவியோடு, அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் தன் கேள்வியைச் சொல்லியிருந்தார். புதுச் சட்டத்தில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய பண்டங்களுக்கும் பதிவு செய்துகொண்டால் வழி உண்டு, ஆனால் இறைச்சியை வீட்டிலிருந்து விற்கக்கூடாது. அவர் கைப்பக்குவத்துக்குப் பேர் போனதோ பன்றி இறைச்சித் தமாலே. அதற்காக நாலு மணி நேரத்துக்கு ஒரு வாடகைச் சமையலறைக்குப் பணம் கட்டி, விடியற்காலை மூன்று மணிக்குப் போய், சோளத்தோலில் மாவைத் தடவிச் சுற்றி அவித்துக் கொண்டு வருகிறார். சீஸ் தமாலே சரி, பன்றித் தமாலே மட்டும் ஏன் ஆகாது, சிறிய அளவிலாவது வழி செய்ய மாட்டீர்களா என்று கேட்கத்தான் அவர் மாதக்கணக்காகக் காத்திருந்தார்.

மைக்கை வாங்கினார். என்னைப் பார்த்தார். என் மடியிலிருந்த தாளை எடுத்து மகளிடம் கொடுத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் என் கேள்வியைத் தன் கேள்வியாக ஸ்பானிஷில் கேட்டார். "எங்களில் பலர் பெண்கள், வீட்டில் தனியாக இருக்கிறவர்கள்" என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்தார் என்று மகள் சொன்னாள்.

உறுப்பினர் இரண்டு மொழியிலும் பதில் சொன்னார். மாநிலச் சுகாதாரத் துறையில் பதிவு செய்துகொண்டால் ஓர் அடையாள எண் தருவார்கள், முகவரிக்குப் பதில் அந்த எண்ணைப் போட்டால் போதும், அதுவும் இந்தப் புதுச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். நான் அதுவரை படித்த இரண்டு பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது! நம்மில் வீட்டிலிருந்து விற்கிறவர்கள் குறைந்தது எட்டுப் பேர் எனக்குத் தெரியும். எல்லோரும் இதைச் செய்யுங்கள். இனி என் லேபிளில் முகவரி இருக்காது.

அந்த அம்மாவின் கேள்வி கேட்கப்படவே இல்லை. மூன்று மணிக்கு உறுப்பினர் கிளம்பிவிட்டார். நான் அழாக்குறையாக நின்றேன். தமாலே அம்மா "மிஹா" (மகளே) என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, மிச்சமிருந்த நாலு தமாலேயைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்பது நினைவிருந்து, பச்சை மிளகாய் சீஸ் வைத்ததாகப் பொறுக்கி எடுத்தார். நம்ம கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரிதான் தமாலே. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்தால்தான் அந்த மாவு சேர்ந்து வரும் என்று அவர் விளக்க, நாங்கள் சுண்ணாம்பை வெற்றிலையில் தடவுவோம் என்று நான் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த மடலை அவரால் படிக்க முடியாது. மகள் ஸ்பானிஷில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் நன்றி அவருக்குத்தான், கடைசியில் எழுதினாலும்.

மேசை தூக்கிய கல்லூரிப் பிள்ளைகள், தமிழில் பெயர்ப்பலகை வைக்கலாமா என்று கேட்டபோது "ஏன் கூடாது" என்ற ஏற்பாட்டாளர்கள், வண்டியைத் திரும்ப ஏற்ற வந்த சங்கத்து அண்ணன்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்னொன்று. சட்டமன்றத்தின் அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12இல்தான் தொடங்கும். அதற்குள் அந்த அம்மாவின் கேள்வியை எழுத்தில் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குக் கொடுக்கப் போகிறோம். கடிதம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் தயார். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்க்கலாம். வரும்போது என் காலி டப்பாக்கள் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பதினொன்று வர வேண்டும்.