சம்பளக் கணக்கை விட்டுவிட்டு ஜேன் ஐரைப் படிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘ஜேன் ஐர்’ நாவலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிரான்டேயின் நாவலை இவ்வளவு ஆசையோடு தமிழில் எழுதியதற்கு முதலில் நன்றி. தார்ன்ஃபீல்டு மாளிகையின் மேல்மாடி, நடுராத்திரியில் கேட்கும் சிரிப்பு, தீப்பிடித்த படுக்கை, சிடுசிடுத்த முகத்தோடு வந்து சேரும் வீட்டு எசமான் ராச்செஸ்டர் என எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஜேன் அந்த வீட்டில் என்ன வேலை பார்த்தாள் என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. தான் கல்யாணம் செய்துகொள்ளவிருந்த ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும் அவள் வீட்டை விட்டுப் போவதைக் கட்டுரையாளர் ‘பிடிவாதம்’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெண்ணுக்கு கவர்னஸ் என்று பெயர். ஜேன் பார்த்தது அந்த வேலைதான். படித்த, ஆனால் கையில் காசில்லாத குடும்பத்துப் பெண் மானத்தோடு செய்யக்கூடிய வேலை என்று ஏறக்குறைய இது ஒன்றுதான் இருந்தது. வீட்டாரோடு சமமாக உட்கார முடியாது, வேலைக்காரர்களோடும் ஒட்ட முடியாது. சார்லட் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டவர். 1839-இல் சிட்ஜ்விக் என்ற குடும்பத்தில் சில மாதங்கள் இந்த வேலையில் இருந்தார். பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது போதாதென்று கஜக்கணக்கில் துணிக்கு ஓரம் அடிப்பது, பொம்மைகளுக்குச் சட்டை தைப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. கவர்னஸை உயிரும் அறிவும் உள்ள ஓர் ஆளாகவே யாரும் நினைப்பதில்லை என்று தங்கை எமிலிக்கு எழுதிய கடிதத்தில் குமுறியிருக்கிறார். 1841-இல் இன்னொரு வீட்டில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம். அதிலும் துணி வெளுக்கும் செலவு என்று 4 பவுண்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு நாவலைத் திறந்தால், தார்ன்ஃபீல்டில் ஜேனுக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு என்ற வரியைச் சட்டென்று தாண்டிப் போக மாட்டோம். முன்பு ஆசிரியையாக இருந்த லோவுட் பள்ளியில் அவள் வாங்கியதைப்போல் அது இரண்டு மடங்கு.

கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். சாகக் கிடக்கும் அத்தையைப் பார்க்க ஜேன் லீவு கேட்கிறாள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று ராச்செஸ்டர் விசாரிக்கிறார். பர்ஸைக் காட்டுகிறாள், 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்டு. அவளுக்கு அவர் தரவேண்டிய சம்பளம் 15 பவுண்டு. அவரோ 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். என்னிடம் மீதி தரச் சில்லறை இல்லையே என்கிறாள் ஜேன். மீதி வேண்டாம், வைத்துக்கொள் என்றால் கேட்கவில்லை. எனக்குச் சேரவேண்டியதற்கு மேல் ஒரு காசு வேண்டாம் என்று மறுக்கிறாள். அவ்வளவு பணம் கையில் இருந்தால் திரும்பி வர நாளாக்குவாளோ என்று அவருக்கும் பயம் வந்துவிடுகிறது. கடைசியில் 10 பவுண்டு தருகிறார். “சரி, நீங்கள் எனக்கு இன்னும் 5 பவுண்டு பாக்கி” என்று அவள் கணக்கு வைக்கிறாள். அதை வாங்கிக்கொள்ளவாவது திரும்பி வா என்கிறார் அவர்.

நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்த காதல் காட்சி இதுதான். அந்தக் காதலுக்கு அடியில் கிடப்பது சம்பளப் பாக்கி. வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்துப் பிழைத்தவள் நான். மாதம் பிறந்து பத்து நாள் ஆகியும் கைக்கு வராத பணத்தை வாய்விட்டுக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூடுதலாக நீட்டப்படும் பணத்தை மறுக்க அதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

கல்யாணம் நிச்சயமான பிறகும் இதே ஜேன்தான். ராச்செஸ்டர் அவளைக் கடைக்கு அழைத்துப்போய்ப் பளபளக்கும் பட்டாக எடுக்கிறார். அவளுக்கு முகமெல்லாம் எரிகிறது. பொம்மைக்கு உடுத்துவதுபோல் தனக்கு ஒருவர் உடுத்திவிடுவது பொறுக்கவில்லை. என் மாணவி அடெலுக்குத் தொடர்ந்து பாடம் சொல்லித்தருவேன், அந்த 30 பவுண்டில் என் துணிமணியை நானே வாங்கிக்கொள்வேன் என்கிறாள். தனக்கென்று கொஞ்சம் பணம் இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணத்தில்தான் மடீரா தீவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கல்யாணச் செய்தியை எழுதிப் போடுகிறாள். அந்தக் கடிதம் அங்கே தங்கியிருந்த மேசனின் காதுக்கு எட்டுகிறது. அவன் சகோதரி பெர்த்தாதான் மேல்மாடியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் மனைவி. சர்ச்சில் கல்யாணம் நின்றது இப்படித்தான். கட்டுரையில் இது ‘விதியின் விளையாட்டு’ என்று வருகிறது. விதியை இழுக்கவே தேவையில்லை. தன் கையில் சொந்தக் காசு வேண்டும் என்று அவள் நினைத்ததுதான் அவளைக் காப்பாற்றியது.

ராச்செஸ்டர் ஏன் விவாகரத்து வாங்கவில்லை என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். 1857-இல் சட்டம் மாறும்வரை இங்கிலாந்தில் விவாகரத்து பெற்று மறுமணம் செய்ய வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். மனநோயைக் காரணமாகக் காட்டி விவாகரத்து பெற 1937-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. தனக்குச் சட்டத்தில் வழியில்லை என்று ராச்செஸ்டரே ஜேனிடம் சொல்கிறார்.

ஆக, அவர் அவளுக்குத் தரக்கூடியது பிரான்சின் தென்கரையில் ஒரு வெள்ளை வீடும், ஊர் கண்ணுக்கு மனைவி என்ற பெயரும்தான். அதே மூச்சில் தன் பழைய காதலிகளைப் பற்றியும் பேசுகிறார். காசு கொடுத்து ஒருத்தியை வைத்துக்கொள்வது அடிமையை வாங்குவதற்கு அடுத்தபடி கேவலம், அப்படிப்பட்டவர்களோடு வாழ்வது தன்னையே தாழ்த்துகிறது என்கிறார். ஜேன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறாள். நாளைக்கு என்னையும் இப்படித்தானே நினைப்பார் என்று அவளுக்கு உடனே உறைக்கிறது. நற்சான்று இல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் வேலை கிடைக்காத பெண் அவள். இதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

போகிற இரவை சார்லட் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். சமையலறையில் பக்கவாசல் சாவியைத் தேடி எடுக்கிறாள். ஒரு சின்னப் புட்டி எண்ணெயும் ஓர் இறகும் எடுத்து, சத்தம் வராதபடி சாவிக்கும் பூட்டுக்கும் எண்ணெய் போடுகிறாள். கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் தண்ணீர். ராச்செஸ்டர் வற்புறுத்திக் கொடுத்த முத்துமாலையை அங்கேயே வைத்துவிடுகிறாள். பர்ஸில் இருப்பது 20 ஷில்லிங். அதுதான் அவளுடைய மொத்தச் சொத்து. வழியில் வந்த கோச்சு வண்டிக்காரன் 30 கேட்கிறான், பிறகு 20-க்கு ஒத்துக்கொள்கிறான். அந்தக் காசுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இறக்கிவிடுகிறான். அப்புறம் கைக்குட்டையைக் கொடுத்து ஒரு ரொட்டி கேட்டும் கிடைக்காமல், பன்றிக்குக் கொட்டப்போன கஞ்சியை வாங்கிக் குடிக்கிறாள். பேய்ச்சிரிப்பைவிட எனக்கு இந்தப் பக்கங்கள்தான் திகில். கட்டுரையில் இவற்றுக்கு அரை வரிகூட இல்லை.

அவள் திரும்பி வரும்போது கையில் 5,000 பவுண்டு இருக்கிறது. சித்தப்பா விட்டுப்போன 20,000-ஐ உறவினர் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொண்டது போக மிஞ்சியது அது. சேர்த்துக்கொள்ளாவிட்டால் உங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே என் காசில் வீடு கட்டிக்கொள்வேன் என்று மாளிகையில் பற்றிய தீயில் பார்வை இழந்த ராச்செஸ்டரிடம் அவள் பேசும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கூடவே ஒன்று உறுத்தவும் செய்யும். பெர்த்தா ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த சீதனம் 30,000 பவுண்டு. மனைவி கையிலுள்ள பணம் கணவனுக்கே என்பதுதான் அன்றைய பொதுவிதி. 1870, 1882 சட்டங்கள் வந்துதான் அது மாறியது. அவ்வளவு பணத்தோடு வந்தவள் ஜன்னலில்லாத அறையில் கிடந்து, அந்தத் தீயின்போது கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். அவளுக்குப் பேச ஒரு பக்கம்கூடத் தராதது இந்த நாவலின் பெரிய குறை என்றே சொல்வேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘ஜேன் ஐர்’ 1847 அக்டோபரில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சார்லட்டின் தங்கை ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’ வெளியானது. அதுவும் ஒரு கவர்னஸின் கதைதான். ஆன் இரண்டு வீடுகளில் இந்த வேலையைப் பார்த்தவர், இரண்டாவது வீட்டில் ஐந்து ஆண்டுகள் இருந்தார். அந்த நாவலில் மர்ம மாளிகையும் கிடையாது, மனதில் ரகசியத்தைப் பூட்டிவைத்த எசமானும் கிடையாது. அடங்காத பிள்ளைகளும் அவர்களைக் கண்டிக்க விடாத பெற்றோரும்தான். அக்காவின் நாவலுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய நீங்கள் தங்கையின் நாவலுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். இதே கட்டுரையாளர் எழுதினாலும் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி