இன்னும் 4 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அன்பான புத்தளம் உறவுகளுக்கும், கட்டாரிலும் இத்தாலியிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும்,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மிச்சக் காசைக் கட்டாவிட்டால், டிக்கெட்காரர் பிடித்து வைத்திருக்கும் இரண்டு இருக்கைகளும் போய்விடும். அதற்குப் பிறகு எடுத்தால் ஆளுக்கு 60 ஆயிரம் ரூபா கூட. தேவை 12 இலட்சத்து 55 ஆயிரம், கையில் இருப்பது 7 இலட்சத்து 85 ஆயிரம். இதை எழுதும்போது புதன்கிழமை இரவு பத்தரை மணி.

யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். கொழும்பில் நடந்த அழகுராணிப் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்து வந்த நம்முடைய சிறாம்பியடிப் பிள்ளைக்கும், அவளுடைய அம்மம்மாவுக்கும், மொசாம்பிக் போய்வர. ஆப்பிரிக்க வழிவந்த குடும்பத்துப் பிள்ளை அவள். அந்தப் போட்டியின் கேள்விச் சுற்றில் நடுவர் ஒருவர் "உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று கேட்டார். "ஆப்பிரிக்கா" என்றாள். "ஆப்பிரிக்காவில் எங்கே?" என்றார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றாள். சபை கைதட்டியது. தட்டியவர்களில் நாங்களும் இருந்தோம், பஸ் பிடித்துப் போயிருந்தோம். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தப் பயணம்.

ஒன்று சொல்ல வேண்டும். போட்டி நடந்த ஹோட்டலில் இருந்து நடக்கிற தூரம்தான் கொம்பனித்தெரு. அதை ஆங்கிலத்தில் இன்றைக்கும் பலர் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் வந்த பெயர். போட்டி முடிந்து வெளியே வந்தபோது எங்கள் குழுவின் மூத்தவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இழுத்துக்கொண்டு வந்தோம்.

சரி, ஏன் மொசாம்பிக்? பலர் கேட்கிறீர்கள். போர்த்துக்கீசர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிடித்தும் வாங்கியும் சேர்த்த மக்களைக் கப்பலேற்றிய முக்கியமான துறைகளில் ஒன்று மொசாம்பிக் தீவு. அங்கிருந்து கோவாவுக்கும் நம்முடைய கரைக்கும் கொண்டுவந்தார்கள். பின்னால் ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கர்களை இங்கே கொண்டுவந்து பட்டாளத்தில் சேர்த்தார்கள். சிறாம்பியடிக் குடும்பங்கள் அந்தச் சிப்பாய்களின் வழி வந்தவை என்பது பெரியவர்களின் சொல். அந்தப் பட்டாளம் கலைந்த பிறகு புத்தளத்தில் காணி கொடுத்துக் குடியமர்த்தினார்களாம். இந்தக் கதையைத் தொடங்கினால் எங்கள் மூத்தவர் நிறுத்த மாட்டார்! ஆறடி உயரம், உப்பளக் காவல், துப்பாக்கியோடு குதிரைக்கு ஈடாக ஓடிய பாட்டனார் என்று போகும். அதில் எவ்வளவு உண்மை என்று நாங்கள் கேட்பதில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1844இல். அதற்கு முன்னால் இங்கு கால்வைத்தவர்களில் பெரும்பாலோருடைய ஊர்ப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாக் குடும்பமும் அந்தத் தீவு வழியாகத்தான் வந்தது என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. ஒரு இடத்தில் இருந்து தேடத் தொடங்க வேண்டும், அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தீவு சின்னது. நீளம் மூன்று கிலோமீற்றர், பாலத்தில் ஏறிப் போகலாம். 1898 வரை அதுதான் போர்த்துக்கீசர் ஆண்ட மொசாம்பிக்கின் தலைநகரம், 1991இல் உலக மரபுச் சின்னமானது. அங்கே உள்ள கோட்டையை ஒல்லாந்தர் 1607இலும் 1608இலும் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். அதே ஒல்லாந்தர்தான் 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள். (மூத்தவருக்கு இதைச் சொன்னதும் அவருடைய கதையில் இன்னொரு அத்தியாயம் சேர்ந்துவிட்டது.) கோட்டை முனையில் 1522இல் கட்டிய மாதா சிற்றாலயம் இருக்கிறது. அம்மம்மா அங்கே மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று தலவிலக் கோயிலின் புனித அன்னம்மாளிடம் நேர்ந்திருக்கிறார். அடிமைகளாகப் போனவர்களுக்காக அமைத்த நினைவுத் தோட்டமும் அந்தத் தீவிலேயே இருக்கிறது.

அம்மம்மா எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மஞ்சாப் பாட்டு. சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டி, மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் அந்தப் பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது கொஞ்சப் பேர். அம்மம்மாவுக்கு 74 வயது. சொற்கள் போர்த்துக்கீசக் கிரியோல், அதாவது போர்த்துக்கீசம் கலந்து உருவான மொழி, வாய்வழியாக வந்தவை. பல வரிகளுக்கு அவருக்கே பொருள் தெரியாது, பேரப்பிள்ளைகளுக்குச் சிங்களமும் கொஞ்சம் தமிழும்தான். மொசாம்பிக்கில் ஆட்சிமொழி இன்றும் போர்த்துக்கீசம், தீவு மக்களின் மொழி மக்குவா. இரண்டும் தெரிந்த வயதானவர்கள் முன்னால் அம்மம்மா பாட வேண்டும், எந்தச் சொல் யாருக்குப் பிடிபடுகிறது என்று பிள்ளை பதிவு செய்துகொண்டு வர வேண்டும். அடுத்த வருடம் போகலாம் என்று சொல்பவர்கள், அம்மம்மாவுக்கு அடுத்த வருடம் 75 என்பதை யோசிக்கவும்.

பிள்ளைக்கு நாங்கள் ஒரு புத்திமதியும் சொல்லியிருக்கிறோம். இங்கே 'காப்பிரி' என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அந்தச் சொல் ஆப்பிரிக்காவில் வசவு. போய் இறங்கி முதல் வார்த்தையே அதுவாக இருந்துவிடக் கூடாது.

இனிக் கணக்கு. நேரடி விமானம் கிடையாது, மாறி மாறி மொசாம்பிக்கின் நம்புலா நகரம் வரை போய் அங்கிருந்து வாகனத்தில் தீவுக்குப் போக வேண்டும். இருவருக்கும் போய்வர டிக்கெட் 8 இலட்சத்து 40 ஆயிரம். விசா, காப்புறுதி 90 ஆயிரம். பத்து நாள் தங்கலும் சாப்பாடும் 1 இலட்சத்து 80 ஆயிரம். அங்கே வாகனம், மொழிபெயர்ப்பாளர் 1 இலட்சத்து 30 ஆயிரம். மலேரியா மாத்திரை, மருந்து 15 ஆயிரம். உடுப்பு, ஒப்பனை என்று ஒரு சதமும் இதில் இல்லை. அழகுராணி ஊர் சுற்றப் போகிறாள், அதற்கு ஊர்ப் பணமா என்று தேத்தண்ணிக் கடையில் கதைக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? உப்பளத்தில் வேலை செய்யும் அக்காமார் அன்றைய கூலியில் ஆளுக்கு 200 ரூபா எடுத்து, பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். எண்ணி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது, அந்த டின்னைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கற்பிட்டி மீன்காரத் தம்பிமார் ஒருநாள் வலை வருமானத்தில் பாதி தந்தார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்கள், "அது எங்கள் ஊர்ப் பிள்ளைதானே" என்று நாங்கள் கேட்க முதலே உறையை நீட்டினார்கள். போட்டிக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையல்கார அக்கா கூலியும் வாங்கவில்லை, இப்போது அம்மம்மாவுக்கு ஸ்வெட்டரும் தருகிறார், மொசாம்பிக்கில் அவ்வளவு குளிர் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. இத்தாலியில் வீட்டு வேலை செய்யும் ஒரு தங்கச்சி 300 யூரோ அனுப்பிவிட்டு, பெயர் வெளியில் வரக்கூடாது என்றாள். வரவில்லை, தங்கச்சி. தேவன் உங்கள் எல்லாரையும் நிறைவாக ஆசீர்வதிப்பார்.

மனம் நோகாமல் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை கிரீடத்தோடு ஊருக்கு வந்த அன்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, "செலவுக்கு நாங்கள் இருக்கிறோம்" என்று மைக்கில் சொன்னவர்கள் பதினொரு பேர். இதுவரை தந்தவர்கள் நான்கு பேர். பெயர் போட மாட்டோம், ஆனால் கொப்பியில் இருக்கிறது. நம்மில் யார் வீட்டுக் கல்யாணம் பைலா இல்லாமல் முடிந்தது? அந்தத் தாளத்தில் இந்த மக்களுக்குப் பங்கு இருக்கிறது. இத்தனை வருடம் இனாமாக ஆடியிருக்கிறோம், ஒரு தடவை காசு கொடுத்தால் குறைந்து போக மாட்டோம்.

இலட்சக் கணக்கில் யாரிடமும் கேட்கவில்லை. ஆயிரம் ரூபாப்படி 470 பேர் தந்தால் முடிந்தது. ஐநூறு தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. பயணம் முடிந்ததும் கணக்கை ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லார் முன்னும் வாசிப்போம். மிஞ்சினால் மஞ்சாக் குழுவுக்குப் புதுத் தோலக் ஒன்று, இருக்கிற தோலக்கின் தோல் கிழிந்து மூன்று மாதம். ஆகஸ்ட் தலவிலத் திருவிழாவுக்கு முன் இருவரும் திரும்பிவிடுவார்கள், தீவில் பதிவு செய்ததைத் திருவிழா வாரத்தில் ஊரில் போட்டுக் காட்டுவோம்.

வங்கிக் கணக்கு இலக்கம் செயலாளரிடம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே அனுப்புவார். கையில் தருபவர்கள் பொருளாளர் வீட்டுக்கு வரலாம். நாளை வியாழன் இரவு 11 மணி வரையும், வெள்ளி காலை 6 மணியிலிருந்து பகல் 2 மணி வரையும் அங்கே ஆள் இருக்கும். 2 மணிக்குப் பிறகு வராதீர்கள், காசை எடுத்துக்கொண்டு டிக்கெட் கட்டப் போய்விடுவோம். வாசலில் நாய் கட்டியிருக்கிறது, குரல் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பயண உதவிக் குழுவினர்,
சிறாம்பியடி, புத்தளம்
(தமிழில் எழுதியவர் குழுவின் அயல்வீட்டு உறுப்பினர். பிழை இருந்தால் அது என்னுடையது.)